"நீயே பேப்பர் போடு, பணத்துக்கு நான் பொறுப்பு" என்று மேனேஜர் சொன்னால் நம்பாதீர்கள்

மேனேஜரை நம்பி ராஜினாமா செய்த எனக்குக் கடைசிக் கணக்கு நேற்று மாலை மெயிலில் வந்தது. தருவதாகச் சொன்ன மூன்று மாதச் சம்பளம், 2,85,000 ரூபாய், அதில் இல்லை. கோபம் அடங்கவில்லை. இன்னொருவர் மாட்டிக்கொள்வதற்குள் எழுதிவிடுகிறேன்.

சென்னை ஓஎம்ஆரில் இருக்கும் ஒரு நடுத்தர மென்பொருள் சேவை நிறுவனம். ஏழு வருடம் அங்கே வேலை. ப்ராஜெக்ட் முடிந்து, அடுத்தது கிடைக்கும்வரை காத்திருக்கும் பெஞ்சுக்கு வந்ததும் ஆட்குறைப்புப் பேச்சு காதில் விழுந்தது. மேனேஜரிடம் நேராகவே கேட்டேன். "லிஸ்ட் எதுவும் இல்லை, வதந்தியை நம்பாதே" என்றார். லிஸ்ட்டில் என் பெயரைப் போட்டுக் கொடுத்ததே அவர்தான் என்று பிறகு தெரிந்தது.

அடுத்த வாரம் மீட்டிங் அறைக்குக் கூப்பிட்டார்கள். எச்ஆர் சும்மா உட்கார்ந்திருந்தார், பேசியது மேனேஜர். "டெர்மினேஷன்னு போனா அடுத்த வேலைக்குப் போறப்ப வெரிஃபிகேஷன்ல அடிபடும். நீயே பேப்பர் போட்டுடு. மூணு மாச சம்பளம் வாங்கித் தர்றது என் பொறுப்பு. நான் உனக்குக் கெடுதல் பண்ணுவேனா?" என் கல்யாணத்துக்குக் குடும்பத்தோடு வந்தவர். அப்பாவின் ஆபரேஷனின்போது லீவைப் பற்றி யோசிக்காதே என்று சொன்னவர். அந்த மனிதரின் வாய்ச்சொல்லுக்காகத்தான் 'சொந்தக் காரணங்களுக்காக விலகுகிறேன்' என்று அங்கேயே டைப் செய்து அனுப்பினேன். அவர் மீது எங்களுக்கு இருந்த மரியாதையை வைத்துத்தான் கம்பெனி காரியம் சாதித்தது. அவரும் தெரிந்தே அதற்கு உடன்பட்டார்.

அப்புறம் அலைக்கழிப்பு. "ஃபைனான்ஸ் அப்ரூவலுக்குப் போயிருக்கு" என்றார் மேனேஜர். பிறகு, "முயற்சி பண்றேன்னுதானே சொன்னேன்". இப்போது வாட்ஸ்அப்பில் நீல டிக் மட்டும் விழுகிறது. எச்ஆரோ, "ராஜினாமா செய்தவர்களுக்கு இழப்பீடு கிடையாது" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். கணக்கில் கிராஜுவிட்டியை 'நல்லெண்ணத் தொகை' என்று வேறு போட்டிருக்கிறார்கள். 5 வருடம் முடித்தவருக்குச் சட்டப்படி வரவேண்டிய பணம் அது! அதில் யாருடைய நல்லெண்ணம் இருக்கிறது? 2,85,000 ரூபாய்க்குப் பதில் இதைக் காட்டுகிறார்கள்.

ஒரு வருடமாவது வேலை பார்த்த தொழிலாளியை ஆட்குறைப்பு செய்தால் ஒரு மாத நோட்டீஸ், முடித்த ஒவ்வொரு வருடத்துக்கும் 15 நாள் சம்பளம் என்பது பழைய 1947 தொழில் தகராறு சட்டத்தில் இருந்த, இப்போதும் தொடரும் விதி. ஐடிகாரர்கள் 'தொழிலாளி'யே இல்லை என்று கம்பெனிகள் வாதாடும். ராஜினாமா எழுதி வாங்கிவிட்டால் அந்த வாதத்துக்கே வேலை இல்லை. அதற்காகத்தான் அத்தனை அன்பாகப் பேசினார்கள்.

மேனேஜர்களே, ஆள் குறைப்பது உங்கள் முடிவாக இல்லாமல் இருக்கலாம், பொய் சொல்வது உங்கள் முடிவுதான். 2020 மே மாதம் தங்குமிட முன்பதிவு நிறுவனமான ஏர்பிஎன்பி சுமார் 1,900 பேரை நிறுத்தியது. ஏன் நிறுத்துகிறோம், அமெரிக்க ஊழியர்களுக்கு 14 வாரச் சம்பளம், வேலை பார்த்த ஒவ்வொரு வருடத்துக்கும் கூடுதலாக ஒரு வாரம் என்று அதன் தலைவர் பிரையன் செஸ்கி எல்லோருக்கும் எழுத்தில் சொன்னார். வேலை போனது போனதுதான், ஆனால் யாரும் வாய்ச்சொல்லை நம்பிக் காத்திருக்க வேண்டியிருக்கவில்லை. "உன் பெயர் இருக்கிறது, இவ்வளவுதான் கிடைக்கும்" என்று என்னிடம் ஒரு மாதம் முன்னால் சொல்லியிருந்தால் வீட்டுக் கடன் தவணைக்காவது வழி பார்த்திருப்பேன்.

சரி, உங்களுக்கு. அறைக்குள்ளேயே எதையும் அனுப்பாதீர்கள், ஒரு நாள் கேளுங்கள். தொகையும் தேதியும் மெயிலில் வராமல் பேப்பர் போடாதீர்கள். சம்பளச் சீட்டுகளை முன்பே சொந்த மெயிலுக்கு எடுத்து வையுங்கள், லேப்டாப் அன்றே பூட்டப்படும். என் 2,85,000 ரூபாய்க்காகத் திங்கட்கிழமை தொழிலாளர் துறை அலுவலகத்தில் மனு கொடுக்கிறேன். அதே அறைக்குள் கூப்பிடப்பட்ட மற்றவர்களும் எனக்கு எழுதுங்கள், சேர்ந்தே கொடுப்போம்.