எடை மெஷினா, இஞ்சு டேப்பா?

பெங்களூரு அல்சூர் ஏரியருகே ராணுவப் பொறியாளர் படையான மெட்ராஸ் சாப்பர்ஸின் மையத்தைப் பார்த்து வளரும் நமக்கு, படைவீரர் உடல்நலம் சொந்தக் கவலை. அவர்களின் பருமனை முளையிலேயே பிடிக்க எது நல்லது?

பி.எம்.ஐ. (உயரத்துக்கு ஏற்ற எடையா என்று காட்டும் எண்) எளிது, உயரமும் எடையும் போதும். இந்தியர்களுக்கு 25 தொட்டால் பருமன். ஆனால் 170 செ.மீ. உயரம், 75 கிலோ என்றாலே ஏறத்தாழ 26 வரும். அது தசையா கொழுப்பா என்று சொல்லாது. கட்டுமஸ்தான ஜவான் மாட்டுவார். மேசை வேலைக்கு வந்து, கைகால் மெலிந்து தொப்பை போட்டவர் தப்பிவிடுவார். சர்க்கரை நோய் ஆபத்து இவருக்குத்தானே அதிகம்!

டேப் அந்தத் தொப்பையையே அளக்கும். கடைசி விலாவுக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே, மூச்சை இயல்பாக விட்டபின் அளக்கணும். வயிற்றை எக்கக் கூடாது. எல்லை ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 80 செ.மீ.

என் ஓட்டு டேப்புக்கே. 85 என்பது 88 ஆகும்போதே மெஸ்ஸில் பூரியைக் குறைத்துவிடலாம்.