மூன்று பந்து ஸ்பைரோமீட்டர்: ஆறு மாதம் இழுத்துப் பார்த்ததில்

பித்தப்பைக் கல் ஆபரேஷன் முடிந்த மறுநாள் நர்ஸ் இந்த மூச்சுப் பயிற்சிக் கருவியைக் கையில் கொடுத்துவிட்டுப் போனார். மூன்று அறைகள், அறைக்கு ஒரு பந்து, ஓரத்தில் ஒரு குழாய். பலூன் ஊதுவது போல ஊதினேன். ஒரு பந்தும் அசையவில்லை. பக்கத்துக் கட்டில் அக்காதான், "ஊதாதீங்க, இளநீரை ஸ்ட்ரா போட்டு உறிஞ்சற மாதிரி இழுங்க" என்றார்.

தையல் வலிக்குப் பயந்து நாம் மேலோட்டமாகவே மூச்சு விடுவோம். அதனால் நுரையீரலின் அடியில் உள்ள காற்றுப்பைகள் சுருங்கிக்கொள்ளும், சளி தங்கும், நிமோனியா வரைக்கும் போகலாம். அதைத் தடுக்கத்தான் இது. வயிற்றில் தலையணையை அணைத்துக்கொண்டு இழுத்தால் வலி கொஞ்சம் அடங்குகிறது.

இதில் ஒரு வம்பு உண்டு. அறைகளின் மேல் 600, 900, 1200 என்று போட்டிருக்கும். நொடிக்கு எத்தனை சிசி காற்று என்ற கணக்கு, அதாவது வேகம். எவ்வளவு காற்று உள்ளே போனது என்று இது காட்டாது. வெடுக்கென்று இழுத்து மூன்றையும் அரை நொடி தூக்கினால் உள்ளே போவது சுமார் 600 சிசிதான். முதல் பந்தை மட்டும் மூன்று நொடி மேலேயே நிறுத்தினால் 1800 சிசி. இது புரியாமல் முதல் வாரம் மூன்றாவது பந்தோடு மல்லுக்கட்டி, தலை கிறுகிறுத்ததுதான் மிச்சம். ஒவ்வொரு இழுப்புக்கும் நடுவே ஓய்வு வேண்டும் என்பதையும் அப்போதுதான் கற்றேன்.

குறைகள்: குழாய் அடிக்கடி கழன்றுவிடும். புதுசில் பிளாஸ்டிக் வாடை. வாய் வைக்கும் பகுதியைச் சோப்புத் தண்ணீரில் கழுவிக் காயவைக்க வேண்டும், இரவல் கொடுக்கக் கூடாது. ஆஸ்பத்திரி பில்லில் 450 ரூபாய். தெருமுனை மருந்துக்கடையில் அதே கம்பெனி சாமான் 220. அந்த வயிற்றெரிச்சலுக்கு எந்தப் பயிற்சியும் கிடையாது.

தையல் ஆறி மாதங்கள் ஆகியும் காலையில் காபிக்கு முன் பத்து இழுப்பு நிற்கவில்லை. இரண்டாவது மாடிக்குத் தண்ணீர் கேன் தூக்கும்போது முன்போல நடுவில் நிற்பதில்லை. ஆபரேஷன் களைப்பு போனதும் காரணமாக இருக்கலாம். தூக்கம் வராத இரவுகளில் கருவி இல்லாமலே வயிறு எழும்ப மெதுவாக இழுத்து, அதைவிட மெதுவாக விடுகிறேன். நிமிடத்துக்கு ஆறேழு மூச்சுதான் வரும். படபடப்பு குறைகிறது.

அஞ்சுக்கு நாலு நட்சத்திரம். ஒன்றைக் குறைத்தது அந்தக் குழாய்க்காக.