பைத்தானின் ஸ்ப்ளிட்: பச்சைத் தேயிலைக் கணக்கில் ஓராண்டு

கோத்தகிரிப் பக்கம் சிறு விவசாயிகளிடம் பச்சைத் தேயிலை வாங்கித் தொழிற்சாலைக்கு அனுப்பும் ஏஜெண்ட் ஒருவருக்கு நான் கணக்கு எழுதுகிறேன். எடை போடுபவர் வாட்ஸ்அப்பில் ‘35.5+28-2’ என்று ஒரு வரி அனுப்புவார். இரண்டு மூட்டை இலை, மழையில் நனைந்ததற்காக 2 கிலோ கழிவு என்பது அதன் பொருள். இத்தகைய வரிகளைப் பிரிப்பதற்குப் பைத்தான் நிரல்மொழியின் ‘ரீ’ (re) தொகுதியில் உள்ள, சரத்தைத் துண்டாக்கும் ஸ்ப்ளிட்டை (split) ஓராண்டாகப் பயன்படுத்தி வருகிறேன்.

முதலில் [+-] என்ற ரெஜெக்ஸைக் (எழுத்துகளைத் தேடும் வடிவக் குறிப்பு) கொடுத்தேன்; கூட்டல் குறியோ கழித்தல் குறியோ வரும் இடத்தில் வெட்டு என்பது அதன் பொருள். எண்கள் மூன்றும் ஒழுங்காக வந்தன, ஆனால் குறிகள் மறைந்துவிட்டன. கழிக்க வேண்டிய 2 கிலோவையும் சேர்த்துக் கூட்டியதால் 61.5 கிலோவாக இருக்க வேண்டியது 65.5 ஆகிவிட்டது. அதையே ([+-]) என்று அடைப்புக்குறிக்குள் வைத்தால் போதும், ‘35.5’, ‘+’, ‘28’, ‘-’, ‘2’ எனப் பிரிப்பான்களும் பட்டியலில் தத்தம் இடத்திலேயே நிற்கும். பூஜ்யத்திலிருந்து எண்ணினால் ஒற்றைப்படை இடங்களில் எப்போதும் குறிதான் இருக்கும் என்பதால், அடுத்த எண்ணைக் கூட்டுவதா கழிப்பதா என்று நிரல் தடுமாறுவதில்லை. இந்த ஒரு வசதிக்காகவே இதை மனமாரப் பரிந்துரைப்பேன்.

குறைகளும் உண்டு. வரி ‘-2’ என்று கழிவிலேயே தொடங்கினால் பட்டியலின் முதல் இடத்தில் வெற்றுச் சரம் (எழுத்தே இல்லாத துண்டு) ஒன்று வந்து உட்காரும். அதை எண்ணாக மாற்றப் போனால் நிரல் பிழை காட்டி நின்றுவிடும். காலை எடைக்கும் மாலை எடைக்கும் நடுவே எடை போடுபவர் சாய்கோடு போடத் தொடங்கியபோது நான் அவசரத்தில் ([+-/]) என்று எழுதியது என் தவறுதான்: நடுவில் நிற்கும் சிறுகோடு ‘+ முதல் / வரை’ என்று பொருள்படும், அந்த வரிசையில் புள்ளியும் அடங்கும். 35.5 கிலோ, 35 என்றும் 5 என்றும் இரண்டாக உடைந்தது. சிறுகோட்டைக் கடைசிக்கு நகர்த்தி ([+/-]) என்று எழுதியதும் சரியாயிற்று.

அடைப்புக்குறியைத் தொகுப்பதற்கு மட்டும் பயன்படுத்துகிறவர்கள் (?:…) என்று எழுதாவிட்டால் வேண்டாத துண்டுகளும் பட்டியலில் சேரும். ஜாவாஸ்கிரிப்ட்டின் ஸ்ப்ளிட்டிலும் இதே அடைப்புக்குறி வேலை செய்கிறது. ஜாவாவின் ஸ்ப்ளிட்டில் செய்யாது; 2023-இல் ஜாவா 21 வரும்வரை அங்கே முன்நோக்கு, பின்நோக்கு வடிவங்களைத்தான் (முன்னும் பின்னும் என்ன இருக்கிறது என்று மட்டும் பார்க்கும் ரெஜெக்ஸ்கள்) நாட வேண்டியிருந்தது, இப்போது splitWithDelimiters என்ற தனிச் செயற்கூறு உண்டு.

ஐந்துக்கு நான்கு கொடுக்கிறேன். குறைத்த ஒன்று அந்த வெற்றுச் சரத்துக்காக.