டால்பி கேப்டிவ்யூ: இருக்கையிலேயே வசனம் காட்டும் கருவி

அமெரிக்கத் தியேட்டர்களில் காது கேளாதவர்கள் கேப்ஷன் கருவி, அதாவது வசனத்தை எழுத்தாகக் காட்டும் கருவி கேட்டால் பல இடங்களில் எடுத்துக் கொடுப்பது கேப்டிவ்யூவைத்தான். கப் ஹோல்டரில் செருகும் அடிப்பாகம், வளைந்துகொடுக்கும் நீண்ட கழுத்து, அதன் நுனியில் மூன்று வரி வசனம் காட்டும் சின்னத் திரை. டோரெமி நிறுவனம் கொண்டுவந்தது. 2014-இல் டோரெமியையே டால்பி வாங்கிவிட்டது. எழுத்து தெளிவாக இருக்கிறது. வெளிச்சம் பக்கத்து இருக்கைக்குப் போகாதபடி மறைப்பும் உண்டு.

ஊழியரிடமிருந்து கருவி கைக்கு வந்ததும் அதில் வைத்துள்ள அரங்கு எண்ணும் டிக்கெட்டில் உள்ள எண்ணும் ஒன்றுதானா என்று பாருங்கள். அந்தந்த அரங்கின் டிரான்ஸ்மிட்டர்தான் வசனத்தை அனுப்புகிறது. எண் மாறினால் திரை வெறுமையாக இருக்கும், இல்லாவிட்டால் அடுத்த அரங்கில் ஓடும் படத்தின் வசனம் வரும். டிரெய்லர்களுக்குப் பெரும்பாலும் கேப்ஷன் கிடையாது என்பதால், படத்தில் யாராவது பேசத் தொடங்கும்வரை கோளாறு தெரியவே தெரியாது. ஊழியரைத் தேடிப் பிடித்து வருவதற்குள் படத்தின் தொடக்கம் போய்விடும். காசு கொடுத்து வந்தவருக்கு இது பெரிய அநியாயம். 20 நிமிடம் முன்னதாகப் போய், எண்ணோடு சார்ஜையும் சரிபார்ப்பதுதான் இப்போதைக்கு வழி.

நடுவரிசைக்குப் பின்னால் உட்காருவது நல்லது. சின்னத் திரையின் மேல்விளிம்பு படத்தின் கீழ்விளிம்பைத் தொடுவதுபோல் கழுத்தை வளையுங்கள். சாய்வு இருக்கை என்றால் சாய்ந்த பிறகே வளைக்க வேண்டும். முன்பே செய்தால் உயரம் மாறிவிடும். கப் ஹோல்டர் அகலமாக இருந்து அடிப்பாகம் ஆடினால் ஒரு கைக்குட்டையை மடித்துச் செருகலாம். எப்படி வைத்தாலும் தீராத குறை ஒன்று உண்டு. கருவி முழ தூரத்தில் இருக்கிறது, வெண்திரை பல மீட்டர் தள்ளி. கண் மாறி மாறிக் குவிய வேண்டும். வெள்ளெழுத்துக் கண்ணாடி போடுபவர்களுக்கு இரண்டரை மணி நேரம் என்பது வேதனை. இந்தச் சிரமம் எதுவும் இல்லாதது, வெண்திரையிலேயே வசனம் வரும் காட்சிதான். ஹவாய் மாநிலம் 2015-இல் அதற்குச் சட்டமே போட்டது. அப்படி ஒரு காட்சி கிடைத்தால் கேப்டிவ்யூவை நாட வேண்டாம்.

பார்வையற்றவர்களுக்கு டால்பி தரும் ஃபிடெலியோ ரிசீவரில் இரண்டு சேனல்கள்: ஒன்று காது மந்தமானவர்களுக்காக வசனத்தின் ஒலியைக் கூட்டித் தருவது, மற்றொன்று காட்சியை விவரிப்பது. ஊழியர்கள் முதலாவதை வைத்துக் கொடுத்துவிடுவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. ஹெட்ஃபோனில் அரங்கின் சத்தமே கேட்டால் சேனலை மாற்றச் சொல்லுங்கள்.

அமெரிக்க விதிப்படி 8 முதல் 15 அரங்குகள் உள்ள வளாகம் குறைந்தது 8 கேப்ஷன் கருவிகள் வைத்திருக்க வேண்டும். இந்தியாவிலும் தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் 2024 மார்ச் 15 அன்று காது கேளாதவர்களும் பார்வையற்றவர்களும் படம் பார்ப்பதற்கான வசதிகள் குறித்துத் திரையரங்குகளுக்கு வழிகாட்டுதல்களை வெளியிட்டது. இங்கே இந்த வகைக் கருவி வாங்க நினைக்கும் தியேட்டர்காரர்கள் ஆங்கில மாதிரியைப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட வேண்டாம். தமிழ் வசனத்தை ஓடவிட்டு, 'கொண்டு', 'போகிறேன்' போன்ற சொற்களில் கொம்பும் காலும் இடம் மாறாமல் விழுகின்றனவா, நீளமான தமிழ்ச் சொற்கள் மூன்று வரிக்குள் அடங்குகின்றனவா என்று பார்த்த பிறகு பணம் கொடுங்கள்.