மீன் பெயர் சொல்லும் ஆப்: ஒஹையோவில் பாஸ், பெருமாள் ஏரியில் பெயில்

என் மச்சினன் ஒஹையோவில் இருக்கிறான். சனி, ஞாயிறு வந்தால் தூண்டிலோடு ஏதாவது ஒரு குளக்கரையில்தான் கிடப்பான். பிடித்ததையெல்லாம் போட்டோ எடுத்து அனுப்பி, "இது என்ன மீன் மாமா?" என்பான். கடலூர்க்காரனுக்கு உலகத்து மீனெல்லாம் தெரியும் என்று அவனுக்கு நினைப்பு. அவனுக்காகத்தான் சந்தா கட்டி இந்த ஆப்பைப் போட்டேன். பெயர் வேண்டாம், மீனைப் படம் பிடித்தால் இன்ன மீன் என்று சொல்லும் ஆப்களில் ஒன்று.

அவன் தூண்டிலில் மாட்டுவது முக்கால்வாசி சன்ஃபிஷ். வட அமெரிக்க நன்னீருக்கே உரிய குடும்பம். உள்ளங்கை அகலம், தட்டை உடம்பு, பார்த்தால் எல்லாம் ஒரு தாய் பிள்ளைகள் மாதிரி இருக்கும். இந்த இடத்தில் ஆப்பைப் பாராட்டத்தான் வேண்டும். பெயரோடு நிற்காமல், எதைப் பார்த்துச் சொன்னது என்று படத்திலேயே வட்டம் போட்டுக் காட்டுகிறது. செவுள் மூடியின் ஓரத்தில் ஒரு சின்ன மடல் நீட்டிக்கொண்டிருக்கும். அது முழுக்கக் கறுப்பு என்றால் ப்ளூகில். ஓரத்தில் சிவப்போ ஆரஞ்சோ தெரிந்தால் கன்னத்தைப் பார்க்க வேண்டும்: நெளிநெளியாக நீலக் கோடு ஓடினால் பம்ப்கின்சீட், கோடே இல்லையென்றால் ரெட்இயர். வாய் பெரிதாக, தாடை கண்ணுக்குக் கீழ் வரை போனால் கிரீன் சன்ஃபிஷ். அதற்கு மார்புத் துடுப்பும் குட்டை, முனை உருண்டிருக்கும். மற்ற மூன்றுக்கும் நீண்டு கூராக இருக்கும்.

நிறத்தை நம்பாதீர்கள் என்று ஆப்பே எச்சரிக்கிறது. ஆனால் நிறத்தில் முதலில் ஏமாறுவதும் அதுதான். முட்டையிடும் காலத்தில் ஆண் ப்ளூகிலுக்கு நெஞ்சுப் பக்கம் ஆரஞ்சு ஏறிவிடும். அப்படி ஒன்றைப் பம்ப்கின்சீட் என்றது. அப்புறம் கலப்பு மீன்கள். சன்ஃபிஷ் இனங்கள் தங்களுக்குள் எளிதில் கலந்துவிடும். ப்ளூகிலும் கிரீனும் சேர்ந்த கலப்பை அங்கே பண்ணைக் குளங்களில் வேண்டுமென்றே விடுகிறார்கள். கலப்பாக இருக்கலாம் என்ற பேச்சே ஆப்பிடம் இல்லை, ஒரே பெயரை அடித்துச் சொல்கிறது.

சரி, நம்ம ஊருக்கு வருவோம். பெருமாள் ஏரியில் பிடித்த சின்ன ஜிலேபிக் கெண்டையைக் காட்டினேன். ப்ளூகிலாம்! காரணம் புரியாமல் இல்லை. ஜிலேபிக் குஞ்சுக்கு முதுகுத் துடுப்பின் பின்பகுதியில் ஒரு கறுப்புப் பொட்டு உண்டு, ப்ளூகிலுக்கும் ஏறக்குறைய அதே இடத்தில்தான். ஆனால் ஜிலேபிக்கு மூக்குத் துளை பக்கத்துக்கு ஒன்று, சன்ஃபிஷுக்கு இரண்டு. உடம்பின் பக்கவாட்டில் தலையிலிருந்து வால் நோக்கி ஓடும் பக்கக்கோடு ஜிலேபிக்குப் பாதியில் அறுந்து, கொஞ்சம் கீழே இறங்கித் தொடரும்; சன்ஃபிஷுக்கு அறுபடாமல் ஓடும். உப்பனாற்றில் கிடைத்த, கேரளத்துக்காரர்கள் கரிமீன் என்று கொண்டாடும் மீனையும் சன்ஃபிஷ் கணக்கில் சேர்த்துவிட்டது. வயிற்றுக்குப் பின்னால் இருக்கும் துடுப்பில் கரிமீனுக்குப் பத்துக்கு மேல் முள், ப்ளூகிலுக்கு மூன்றே மூன்று. எண்ணத் தெரிந்தால் போதும்.

இத்தனைக்கும் லொகேஷன் அனுமதி கொடுத்து வைத்திருக்கிறேன். கடலூர் மாவட்டத்தில் ப்ளூகில் எங்கிருந்து வரும் என்று ஒரு நொடி யோசிக்க வேண்டாமா? யாராவது கொண்டுவந்து விட்டால் உண்டு. ஜப்பானில் அப்படித்தான் நடந்தது: 1960இல் இளவரசராக இருந்த அகிஹிட்டோ, சிகாகோவில் அன்பளிப்பாகக் கிடைத்த ப்ளூகிலை எடுத்துப் போனார். அது ஏரி ஏரியாகப் பரவி, 2007இல் பேரரசராக அவரே வருத்தம் தெரிவிக்கும்படி ஆனது. நம்ம ஜிலேபியும் 1952இல் இந்தியாவுக்கு வந்த விருந்தாளிதான், அது வேறு கதை.

அமெரிக்காவில் தூண்டில் போடுகிறவர்கள் தாராளமாக வாங்கலாம். கையை நனைத்துக்கொண்டு மீனைப் பிடித்து, துடுப்பை விரித்து பக்கவாட்டில் ஒரு படமும், மடலும் கன்னமும் தெரிய கிட்டத்தில் ஒரு படமும் எடுத்தால் பெரும்பாலும் சரியாகச் சொல்கிறது. கடலூர், புதுச்சேரிப் பக்கம் இருப்பவர்களுக்கு இலவசப் பதிப்பே அதிகம். தானாகப் பணம் பிடிப்பதை நிறுத்திவிட்டேன். இனி மச்சினன் தன் பெயரில் கட்டிக்கொள்ளட்டும்.