94-லேயே நின்ற வேகமும் ஒரு பழுப்புக் கம்பியும்

ரூட்டரிலிருந்து கணினிக்குக் கேபிள் இழுத்து ஐந்து வருடம் ஆகிறது. முதலில் வாங்கியது தட்டைக் கேபிள். கதவுக்கு அடியில் நுழைக்க வசதி என்பதால் அதை எடுத்தேன். ஒரு வருடம் குறையே இல்லை. அப்புறம் ஒரு நாள் வேகம் 94 எம்பிபிஎஸ்ஸில் நின்றுவிட்டது. ரூட்டரை ரீசெட் செய்தேன். மறுபடியும் அதே 94.

100 எம்பிபிஎஸ் இணைப்பில் நிஜமாகக் கிடைப்பது இவ்வளவுதான். அதனால் இந்த எண்ணைப் பார்த்தால் உடனே கேபிளைத்தான் சோதிக்க வேண்டும். உள்ளே இருப்பது நான்கு ஜோடி, மொத்தம் எட்டுக் கம்பி. 1 ஜிபிபிஎஸ், அதாவது 1000 எம்பிபிஎஸ், ஓட எட்டும் வேண்டும். 100 எம்பிபிஎஸ்ஸுக்கு கனெக்டரின் 1, 2, 3, 6 ஆகிய பின்களில் சேரும் கம்பிகள் போதும். மற்றதில் ஒன்று அறுந்தால் இணைப்பு போகாது, சத்தமில்லாமல் 100-க்கு இறங்கிவிடும். கதவு உரசிய இடத்தில் உறையைக் கீறிப் பார்த்தேன். பழுப்புக் கம்பி துண்டாகிக் கிடந்தது. பிளேடால் சுரண்டினால் செம்பு நிறம் போய் வெள்ளையாக மின்னியது. செம்புப் பூச்சு பூசிய அலுமினியம்! சட்டென்று முறியும்.

அதனால் அடுத்து வாங்கும்போது 'முழுச் செம்பு' என்று போட்டிருக்கிறதா என்பதைத்தான் முதலில் பார்த்தேன். உருண்டையான கேட் 6 எடுத்தேன் ('கேட்' என்பது கேபிளின் தர வகை). உண்மையில் 1 ஜிபிபிஎஸ்ஸுக்கு கேட் 5இ-யே 100 மீட்டர் வரை தாங்கும். 10 ஜிபிபிஎஸ் வேண்டுமென்றால் கேட் 6-இல் சுமார் 55 மீட்டர்தான். 100 மீட்டருக்கு கேட் 6ஏ. கேட் 8 டேட்டா சென்டருக்கானது, வீட்டுக்கு வீண் செலவு.

நீளத்துக்கு ஏற்ப நானே வெட்டி கனெக்டர் போட்டேன். கம்பிகளை அடுக்கும் டி568பி என்ற நிலையான நிற வரிசை: வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு. இரண்டு முனையிலும் இதே வரிசைதான். ஜோடியின் முறுக்கை 13 மில்லிமீட்டருக்கு மேல் பிரிக்கக் கூடாது. வெளியுறையும் கனெக்டருக்குள் போய் அதன் பிடியில் சிக்க வேண்டும். என் முதல் முனையில் உறை வெளியே நின்றது. லேசாக இழுத்ததும் கழன்று வந்துவிட்டது. வெட்டிவிட்டு மறுபடி போட்டேன்.

சொருகுவது எளிது. மோடத்திலிருந்து வருவது ரூட்டரின் வான் (WAN, வெளி இணையம்) போர்ட்டுக்கு, கணினியும் டிவியும் லேன் (LAN, வீட்டுக்குள்) போர்ட்டுக்கு. 'டிக்' என்று சத்தம் கேட்கும்வரை அழுத்த வேண்டும்.

இந்த முறை கேபிளைக் கதவுப் பக்கமே விடவில்லை, சுவரோரமாகக் கொண்டுபோனேன். மூலையில் மடிக்காமல் வளைத்து விட்டிருக்கிறேன். நான்கு வருடமாக ரூட்டரின் செட்டிங்ஸ் பக்கத்தில் இணைப்பு வேகம் 1000 என்றுதான் காட்டுகிறது.