முதல் ரம்பம்: தள்ளுவதா, இழுப்பதா, மெஷினா?

தச்சு வேலை பழக வருகிறவர்கள் முதல் நாளே கேட்பது, "எந்த ரம்பம் வாங்கட்டும்?" நான் திருப்பிக் கேட்பது, "எங்க வெச்சு அறுக்கப் போறீங்க?" மேசை, மரத்தை இறுக்கிப் பிடிக்கும் வைஸ் எல்லாம் உள்ள பட்டறையா, மொட்டை மாடியா, வீட்டுக் கூடத்துத் தரையா? ரம்பத்தின் விலையைவிட இந்தப் பதில்தான் எனக்கு முக்கியம்.

புதியவர்கள் முன்னால் இன்று மூன்று வழிகள் இருக்கின்றன. ஹார்டுவேர் கடையில் தொங்கும், தள்ளி அறுக்கும் கைரம்பம் ஒன்று. இணையத்தில் எல்லோரும் புகழும் ஜப்பான் இழுவை ரம்பம் இன்னொன்று. மூன்றாவது, மரம் அறுக்கும் பிளேடு மாட்டிய கையடக்க மெஷின்.

முதல் இரண்டுக்கும் அடிப்படை வித்தியாசம் தகட்டில் இருக்கிறது. கயிற்றை இழுக்கலாம், தள்ள முடியாது. தள்ளினால் வளைந்துகொள்ளும். மெல்லிய தகடும் அப்படித்தான். அதனால் தள்ளு ரம்பத்தின் தகடு ஒரு மில்லிமீட்டரை ஒட்டிய தடிமனில் இருக்கிறது. ஜப்பான் ரம்பம் இழுக்கும்போது மட்டும் அறுப்பதால் தகடு விறைப்பாக நிற்கிறது. அரை மில்லிமீட்டர் தடிமனே போதும். மெல்லிய தகடு குறைவான மரத்தைத்தான் தூளாக்க வேண்டும், அதனால் கைக்கு வேலை குறைவு. முதல் முறை பிடிக்கிற மாணவர் நான்கு இழுப்பில் ரீப்பர் என்கிற மெல்லிய மரச்சட்டம் துண்டாகி விழுவதைப் பார்த்துச் சிரித்துவிடுவார். அந்தச் சந்தோஷத்தை நான் குறைத்து மதிப்பிட மாட்டேன். முதல் வாரத்தில் மனம் விட்டுப்போகாமல் இருக்க அது பெரிய துணை.

ரியோபா என்ற வகையில் தகட்டின் இரு ஓரத்திலும் பல் உண்டு. ஒரு பக்கம் மர ரேகையின், அதாவது நார் ஓடும் திசையின், குறுக்கே அறுக்க, மறுபக்கம் ரேகையோடு நீளவாக்கில் அறுக்க. குறுக்கே அறுக்கும் பல் கத்திமுனை போல நாரை வெட்டும். நீளவாக்குப் பல் சின்னச் சின்ன உளி வரிசை போல மரத்தைச் செதுக்கிக்கொண்டு போகும். இரண்டு ரம்பம் வாங்க வேண்டிய இடத்தில் ஒன்று போதும் என்பது உண்மையான லாபம்.

இனி இடத்துக்கு வருவோம். தள்ளி அறுக்கும்போது மரம் உங்களை விட்டு விலகி ஓடப் பார்க்கும். அதைத் தடுக்க உறுதியான மேசையும், ஒரு தடுப்புக்கட்டையோ வைஸோ வேண்டும். முழங்கால் உயர முக்காலி ஒன்று இருந்தால் அதன்மேல் மரத்தை வைத்து, முழங்காலால் அழுத்தி, உடம்பின் எடை மேலிருந்து இறங்குகிற மாதிரி அறுக்கலாம். இழுவை ரம்பம் மரத்தை உங்கள் பக்கம் கொண்டுவரும். தரையில் உட்கார்ந்து பாதத்தால் அழுத்திக்கொண்டாலே மரம் நகராது. நம் ஊர் ஆசாரிகள் காலையே வைஸாக வைத்துத் தரையில் வேலை செய்ததைப் பார்த்தவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. மேசை இல்லாத வீட்டில் தள்ளு ரம்பத்தோடு மல்லுக்கட்டிவிட்டு, "எனக்கு இந்த வேலை வராது" என்று போனவர்களை நான் பார்த்திருக்கிறேன். தவறு அவர்கள் கையில் இல்லை. மரத்தைப் பிடிக்க அங்கே ஒன்றும் இல்லை.

அப்படியானால் எல்லோரும் ஜப்பான் ரம்பமே வாங்கிவிடலாமா? மரத்தைப் பார்க்க வேண்டும். அந்த ரம்பங்கள் வளர்ந்தது சுகி, ஹினோக்கி போன்ற மென்மையான ஊசியிலை மரங்களோடு. பைனில் வெண்ணெய் மாதிரி இறங்கும். நம் கையில் கிடைப்பதோ பழைய வீட்டு வேங்கைச் சட்டம், வேம்பு, தேக்கு. தேக்கில் இயல்பாகவே சிலிக்கா இருக்கிறது. எந்தக் கூர்முனையையும் அது சீக்கிரம் மழுக்கிவிடும். வேங்கையில் கணு ஒன்று எதிர்ப்பட்டு, இழுக்கும்போது கையும் கொஞ்சம் திரும்பினால் மெல்லிய பல் நுனி உடைந்துவிடும். கடின மரத்துக்கென்றே பல் அமைத்த தகடுகளும் உண்டு. ஆனால் இணையத்தில் கண்ணில் படுவதெல்லாம் பெரும்பாலும் பொதுவகை.

உடைந்தாலும் மழுங்கினாலும் அடுத்து என்ன என்பதுதான் எனக்குப் பெரிய கேள்வி. இன்று விற்கும் ஜப்பான் ரம்பங்களில் பெரும்பாலானவற்றின் பல் நுனியை மட்டும் தனியாகச் சூடேற்றிக் கடினமாக்கியிருப்பார்கள். அதன்மேல் அரம் ஏறாது. தகட்டைக் கழற்றிவிட்டுப் புதிது போட வேண்டியதுதான். பழைய பாணித் தள்ளு ரம்பம் அப்படியல்ல. இரண்டு கட்டைக்கு நடுவே தகட்டை இறுக்கி, முக்கோண அரத்தால் ஒவ்வொரு பல்லுக்கும் இரண்டு மூன்று இழுப்பு. பிறகு பற்களை ஒன்று விட்டு ஒன்று இடமும் வலமுமாகச் சாய்த்தால் அறுவை வழி தகட்டைவிடச் சற்று அகலமாகி ரம்பம் சிக்காமல் ஓடும். அரை மணி நேரத்தில் ரம்பம் புதுசு. இதை ஒரு முறை தன் கையால் செய்த மாணவருக்கு, ரம்பம் எப்படி அறுக்கிறது என்று நான் அதற்குப் பிறகு விளக்க வேண்டி வந்ததே இல்லை.

இங்கே ஒரு எச்சரிக்கை. பிளாஸ்டிக் கைப்பிடியோடு கடைகளில் தொங்கும் தள்ளு ரம்பங்களிலும் பல, கடினமாக்கிய பல் கொண்டவை. பல் நுனிகள் நீலம் பாய்ந்த கறுப்பாகத் தெரிந்தால் அதுவும் அரம் ஏறாத ரகம். அதை வாங்கினால் தள்ளு ரம்பத்தின் முக்கியமான நன்மை கைவிட்டுப் போகிறது. மரக் கைப்பிடியும், பல் முழுக்க ஒரே நிறத் தகடுமாகத் தேடுங்கள். 22 அங்குல நீளம், அங்குலத்துக்கு 8 அல்லது 9 பல், ஆரம்பத்துக்குப் போதும்.

தள்ளு ரம்பம் கைவர ஒரு வாரம் பிடிக்கும். நான் கற்றுக்கொண்ட ஆசாரி என் முஷ்டியைப் பார்த்துவிட்டு, "என்ன தம்பி, கழுத்தை நெரிக்கிற மாதிரி புடிச்சிருக்கே? விடு, அதுவா ஓடும்" என்றார். மூன்று விரல் கைப்பிடியைச் சுற்ற, ஆள்காட்டி விரல் தகட்டின் பக்கமாக நீண்டு திசை காட்ட வேண்டும். இடது கட்டைவிரல் கணுவைத் தகட்டுக்கு அணைகொடுத்து, முதல் இரண்டு வீச்சும் பின்னோக்கி இழுத்து ஒரு சின்னப் பள்ளம் உண்டாக்குங்கள். பிறகு தகட்டின் பளபளப்பில் தெரியும் மரத்தின் பிம்பத்தைப் பாருங்கள். மரத்தின் ஓரமும் பிம்பத்தின் ஓரமும் ஒரே நேர்கோடாகத் தெரிந்தால் ரம்பம் செங்குத்தாக நிற்கிறது. இடையில் மடிந்து தெரிந்தால் சாய்ந்திருக்கிறது. இதற்குச் செங்கோணம் பார்க்கும் மூலைமட்டம் தேவையே இல்லை. துடைத்துச் சுத்தமாக வைத்த எந்த ரம்பத்திலும் இது வேலை செய்யும்.

மெஷினைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எட்டுக்கு நாலு பிளைவுட் ஷீட்டைக் கைரம்பத்தால் அறுத்து மாளாது. அங்கே வட்ட பிளேடு சுழலும் சர்குலர் சா மாதிரி வேறில்லை. நல்ல முகத்தைக் கீழே வைத்து அறுத்தால் மேல்தோல் பிய்யாது. ஆனால் நம் ஊரில் முதல் மெஷினாகப் பலரும் பிடிப்பது சர்குலர் சா அல்ல. மார்பிள் கட்டரில் மாட்டிய 110 மில்லிமீட்டர் மர பிளேடு. கல்லுக்காகச் செய்த அந்த மெஷின் நிமிடத்துக்குப் பத்தாயிரம் சுற்றுக்கு மேல் ஓடும். ஏழு அங்குல சர்குலர் சா ஓடுவது ஐந்தாயிரத்தை ஒட்டி. எங்கள் பட்டறையில் ஒரு மாணவர், இரண்டு முனையிலும் மட்டும் முட்டுக்கொடுத்த தேக்குப் பலகையை நடுவில் அறுத்தார். பலகை தொய்ந்து பிளேடைக் கவ்வியது. மெஷின் எகிறித் தொடைப் பக்கம் வந்தது. காவல் தகடு கழற்றப்பட்டிருந்தது. ஜீன்ஸ் துணி கிழிந்ததோடு போயிற்று. அன்று முழுக்க எனக்குக் கை நடுங்கியது. அந்த மெஷினில் மரம் அறுக்க இன்று வரை நான் யாருக்கும் சொல்லித்தருவதில்லை.

ஆக, மேசை இல்லாமல் வீட்டில், பைன், ரப்பர் மரம், சின்னப் பெட்டி என்று தொடங்குகிறவர்கள் 240 மில்லிமீட்டர் ரியோபா ஒன்றும் மாற்றுத் தகடு ஒன்றும் வாங்குங்கள். பழைய சட்டம், கடின மரம், ஸ்டூல், கட்டில் என்று போகிறவர்களும், பட்டறையில் சேர்கிறவர்களும் அரம் ஏறும் தள்ளு ரம்பம் வாங்குங்கள்; கூடவே ஒரு முக்கோண அரமும். ஒன்றுதான் வாங்க முடியும், மேசை போடவும் இடம் உண்டு என்றால் நான் இரண்டாவதைத்தான் கையில் கொடுப்பேன்.

எதை வாங்கினாலும், இரண்டுக்கு ஒன்று அங்குல ரீப்பர் ஒன்றில் மூலைமட்டம் வைத்துக் கத்தியால் இருபது கோடு கீறி, ஒவ்வொன்றையும் கோட்டுக்கு வெளியே அறுத்துப் பழகுங்கள். துண்டுகளில் வரிசையாக எண் எழுதி வையுங்கள். ஒன்றாவதையும் இருபதாவதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், எந்தப் பக்கம் சாய்கிறீர்கள் என்று தெரிந்துவிடும்.